திரித்துவத்தை ஏற்காதவர் கிறிஸ்தவர் இல்லையா?

நாஞ்சில் மகள்

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. நாங்கள் சி.எஸ்.ஐ. மாப்பிள்ளை வீட்டார் 'இயேசு நாமம்' பெந்தெகொஸ்தே சபை. திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே தேவன் என்ற உபதேசத்தை, ஏற்காமல் இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள். ஓலை வாசிப்பது, அதாவது ஆலயத்தில் திருமண அறிவிப்புச் செய்வது பற்றிப் பேச ஆயரிடம் போனபோது, "திரித்துவத்தை மறுக்கிறவங்களைக் கிறிஸ்தவங்கன்னே சொல்ல முடியாதும்மா. பையன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்துல ஞானஸ்நானம் எடுத்துட்டு வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றுவிட்டார்.

பையன் வீட்டில் விடியற்காலை ஜெபம் தவறுவதில்லை. வேத வசனம் என்று வந்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் அவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. அவர்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணத்தை நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஆயரைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. இயேசுவே ஆண்டவர் என்று கும்பிடுகிற ஒருவரைக் கிறிஸ்தவர் இல்லை என்று தள்ளுவதற்கு என்ன ஆதாரம்? சரித்திரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மறைக்கல்வி

சகோதரி, கத்தோலிக்கத் தரப்பிலிருந்து சொல்கிறேன். தண்ணீர், தந்தை மகன் தூய ஆவியாரின் பெயர், திருச்சபை செய்வதையே செய்யும் எண்ணம், இவை இருந்தால் திருமுழுக்கு செல்லும். உங்கள் சி.எஸ்.ஐ. ஞானஸ்நானம் எங்களிடம் செல்லும். உங்களில் ஒருவர் கத்தோலிக்கராக வந்தால் மறுபடி தண்ணீர் ஊற்றமாட்டோம்.

மோர்மன் சபையின் திருமுழுக்கு செல்லாது என்று 2001-ல் ரோமாபுரி அறிவித்தது. இத்தனைக்கும் அவர்கள் அதே மூன்று பெயர்களைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் நம்பிக்கைப்படி அந்தப் பெயர்களுக்குரியவர்கள் மூன்று தனித்தனித் தெய்வங்கள். ஆகவே வாயால் சொன்னால் மட்டும் போதாது, யாரை நினைத்துச் சொல்கிறோம் என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். மூவொரு இறைவனை எடுத்துவிட்டால் மீதி இருப்பது நல்ல போதனைகள் சிலதான். உங்கள் ஆயர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஒரே நாமம்

சகோதரி, நான் அந்தச் சபையில் வளர்ந்தவன். எங்களைப் பற்றி வெளியே ஓடுகிற பேச்சில் பாதி தவறு. நான்காம் நூற்றாண்டு ஆரியஸ் போல இயேசு படைக்கப்பட்டவர் என்றோ, யெகோவாவின் சாட்சிகள் போல அவர் மிகாவேல் தூதர் என்றோ எங்கள் பிரசங்க பீடத்தில் ஒருவர் சொன்னால் அன்றோடு அவரை இறக்கிவிடுவார்கள். "தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம் சரீரப்பிரகாரமாக அவருக்குள் வாசமாயிருக்கிறது" (கொலோசெயர் 2:9). இதற்குமேல் இயேசுவை உயர்த்திச் சொல்ல எங்களால் முடியாது. ஒரே தேவன், அவரே மாம்சத்தில் வந்தார், அவர் நாமம் இயேசு. எங்கள் விசுவாசம் இவ்வளவுதான்.

அப்போஸ்தலர் 2:38, 8:16, 10:48, 19:5 எடுத்து வாசித்துப் பாருங்கள். எங்கும் இயேசுவின் நாமத்தில்தான் ஞானஸ்நானம்.

1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே அரோயோ செக்கோவில் நடந்த முகாம் கூட்டத்தில், ஞானஸ்நான ஆராதனையில் பேசிய போதகர் ஒருவர் இதை எடுத்துச் சொன்னார். அங்கிருந்து பரவியதுதான் எங்கள் இயக்கம். 1916-ல் செயின்ட் லூயிஸில் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் மாநாடு திரித்துவத்தை அறிக்கையில் எழுதி நிறைவேற்றியபோது, ஊழியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வெளியே போக வேண்டியதாயிற்று. அதுவரை ஒரே கூடாரத்தில் முழங்காலிட்டு ஜெபித்தவர்கள் ஒரு தீர்மானத்தில் அந்நியராகிப் போனார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிற விஷயம்.

பாளை ஆசிரியர்

மகளே, சரித்திரம் கேட்டிருக்கிறாய். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கி.பி. 112 வாக்கில் ரோமப் பேரரசின் பித்தினியா நாட்டுக்கு, இன்றைய துருக்கிப் பகுதிக்குப் போவோம். அங்கே ஆளுநராக இருந்த பிளினி, பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். சபையில் பணிவிடை செய்த அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் அதில் சொல்கிறார். அவருக்குத் தெரியவந்தது: இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வத்தைப் போலப் போற்றி முறைவைத்துப் பாடுகிறார்கள். எழுதியவர் கிறிஸ்தவர் இல்லை, நம் பக்கம் பேச வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. திரித்துவம் என்ற சொல்லே அப்போது கிடையாது. ஆனால் அந்தப் பாட்டு இருந்தது.

அதற்கும் முன்னால் பவுல். "பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு" என்று எழுதின கையோடு "இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு" என்கிறார் (1 கொரிந்தியர் 8:6). "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே" என்று நாள்தோறும் அறிக்கையிட்ட யூதர் அவர். அந்த அறிக்கைக்குள்ளேயே இயேசுவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். எப்படி என்று விளக்கவில்லை. விளக்கம் சொல்லும் பாரம் பின்னால் வந்தவர்கள் தலையில் விழுந்தது.

200-ஐ ஒட்டிய காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் விளக்க முயன்றார். அப்போது அவரே ஒத்துக்கொள்கிறார்: விசுவாசிகளில் பெரும்பாலோர் எளிய ஜனங்கள், 'மூவர்' என்றதும் பல தெய்வ வழிபாடு திரும்பி வந்துவிட்டதோ என்று மிரளுகிறார்கள் என்று. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் வழக்காடியது பிரக்சேயாஸ் என்ற போதகரோடு. பிதாதான் குமாரன் என்றால் சிலுவையில் பிதாவையே அறைந்துவிட்டாய் அல்லவா என்பது அவர் வாதம். ஒரே நாமம் தம்பி, உங்கள் சபைக்கு அந்தக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.

பிறகுதான் 325, பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம். குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியஸின் உபதேசத்தை அது தள்ளியது. ஆரியஸ் இயேசுவை இழிவாகப் பேசியவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவரும் குமாரனை எல்லாப் படைப்புக்கும் மேலே வைத்தார், அவர் மூலமாகத்தான் உலகம் உண்டானது என்றார். ஓர் எல்லைக்கோட்டை மட்டும் தாண்டவில்லை: குமாரனுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்றார். அவரை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு இடைவிடாமல் கேட்டது இதுதான்: அப்படியானால் படைக்கப்பட்ட ஒருவரையா இத்தனை நாள் தொழுதுகொண்டிருக்கிறோம்? படைக்கப்பட்டவர் நம்மை எப்படிக் கடவுளோடு சேர்ப்பார்? தர்க்கம் ஜெயிக்க வேண்டுமென்று கேட்ட கேள்வி இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை முழங்காலிடுகிற ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

என் கருத்து: திரித்துவத்தை விளக்கத் தெரிந்தவர் மட்டும்தான் கிறிஸ்தவர் என்றால் நம் சபைகளில் பத்துப் பேர் தேறமாட்டார்கள். விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்கிற நம் மூப்பர்களிடமே கேட்டுப் பாருங்கள். ஒருவர் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்பார். அது தெர்த்துல்லியன் எதிர்த்த பிரக்சேயாஸ் சொன்னதற்குப் பக்கத்து வீடு. ஆனாலும் சபை அதை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுவிட்டால் இயேசுவைத் தொழுவதற்கு நம்மிடம் காரணம் இருக்காது. சபைக்கு அது உயிர். தனி மனுஷனை வாசலில் நிறுத்திக் கேட்கிற பரீட்சைக் கேள்வி ஆக்கக்கூடாது.

வேர் தேடி

ஆசிரியர் ஐயா எழுதியது அருமை. ஆனால் அந்தப் 'பரீட்சைக் கேள்வி'க்குத் தோற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் இந்த இழையில் பதிய வேண்டும்.

மிகுவேல் செர்வேத்து. ஸ்பெயின்காரர், மருத்துவர். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். எரித்தது ரோமாபுரி இல்லை, சீர்திருத்தம் பேசிய ஊர்தான். நெருப்புக்குள்ளிருந்து அவர் சொன்ன ஜெபம், "நித்திய தேவனுடைய குமாரனாகிய இயேசுவே, எனக்கு இரங்கும்" என்பது. 'தேவனுடைய நித்திய குமாரனே' என்று அந்த ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லியிருந்தால் அவர் உபதேசம் சரியாகியிருக்கும். சாகிற நேரத்திலும் இயேசுவைத்தான் கூப்பிட்டார். அவர் கிறிஸ்தவர் இல்லையென்றால் விறகு அடுக்கியவர்கள் யார்?

1697-ல் எடின்பரோவில் தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற மாணவனைத் தேவதூஷணக் குற்றம் சாட்டித் தூக்கிலிட்டார்கள். திரித்துவத்தைப் பழித்தான் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. இருபது வயது. பிரிட்டனில் திரித்துவத்தை மறுப்பது சட்டப்படி குற்றமல்ல என்று ஆனதே 1813-ல்தான்.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. திருவேங்கடம் என்று பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழர் ஒருவர், இங்கிலாந்துக்குப் போய்வந்து, யூனிட்டேரியன் நூல்களைப் படித்து, 1795-ல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கினார். கடவுள் ஒருவரே, இயேசு அவர் அனுப்பிய போதகர் என்பது உபதேசம். புரசைவாக்கத்தில் ஆலயமும் கட்டினார்கள். பின்னால் பணமும் பள்ளியும் கொண்டு மிஷன் வந்து உருவாக்கிய சபை இல்லை அது. படித்து, யோசித்து ஒரு தமிழன் தேடிக்கொண்ட வழி. தன்னைக் கிறிஸ்தவன் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டார். அந்தப் பெயரை அவரிடமிருந்து பிடுங்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்று. 1 யோவான் 5:7-ஐ நம் பழைய வேதாகமத்தில் வாசியுங்கள்: "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று இருக்கும். கத்தோலிக்க அன்பர்கள் திருவிவிலியத்தில் அதே இடத்தைத் திறந்து பார்க்கட்டும். அந்த வரி இருக்காது. பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லாத வரி. 1516-ல் அறிஞர் எராஸ்முஸ் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது கிடையாது, எதிர்ப்புக்குப் பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். இவ்வளவு அவசியமான உபதேசம் என்றால், அதைத் தெளிவாகச் சொல்ல ஒரு வரியைப் பின்னால் சேர்க்க வேண்டி வந்தது ஏன்?

மறைக்கல்வி

வேர் தேடி, அந்த வரியை எங்கள் மொழிபெயர்ப்பே விட்டுவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மூவொரு இறைவன் நம்பிக்கை அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தால் நாங்கள் அதை விட்டிருப்போமா? நிசேயாவில் கூடியவர்கள் அந்த வரியை மேற்கோள் காட்டி முடிவெடுக்கவில்லை. மத்தேயு 28:19, யோவான் முதல் அதிகாரம், தோமா சொன்ன "என் ஆண்டவரே! என் தேவனே!", இவையெல்லாம் எந்தப் பிரதியிலும் இருக்கின்றன.

எரித்தது பாவம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரு நம்பிக்கையின் பெயரால் கொலை நடந்தது என்பதால் அந்த நம்பிக்கை பொய்யாகிவிடாது. ஆரியஸ் பக்கம் நின்ற வாண்டல் அரசர்களும் வட ஆப்பிரிக்காவில் நிசேயா சபையாரை நாடு கடத்தினார்கள், சித்திரவதை செய்தார்கள்.

புரசைவாக்கத்துப் பெரியவரைப் பற்றி: அவர் நேர்மையை மதிக்கிறேன். இயேசு போதகர் மட்டும்தான் என்றால் அவரிடம் நான் ஜெபிக்க முடியாது. ஜெபிக்கலாமா கூடாதா என்ற இடத்தில் பிரிந்துவிட்ட இருவர், ஒரே மதத்தில் இருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

ஒரே நாமம்

மறைக்கல்வி பிரதர் சொன்ன கடைசி வரியை நான் அப்படியே ஏற்கிறேன். இயேசுவிடம் ஜெபிக்கலாமா என்பதுதான் கோடு என்றால், நாங்கள் உங்கள் பக்கம் நிற்கிறோம்.

நாஞ்சில் மகள்

எல்லோருக்கும் நன்றி. ஒரே நாமம் பிரதர், ஒரு சந்தேகம். கெத்செமனேயில் "அப்பா பிதாவே" என்று இயேசு கூப்பிட்டது யாரை? யோர்தானில் வானத்திலிருந்து பேசியது யார்? சண்டைக்குக் கேட்கவில்லை, தங்கை கேட்கிறாள்.

பாளை சார், ஆரியஸைத் தள்ளிய பிறகு அவர் பக்கம் இருந்த சாதாரண ஜனங்களை என்ன செய்தார்கள்?

ஒரே நாமம்

தங்கைக்கு: எங்கள் பதில், மனுஷனாகிய குமாரன் ஆவியாகிய பிதாவிடம் ஜெபித்தார் என்பது. அவர் முழு மனுஷன், அதனால் ஜெபம் மெய்யான ஜெபம், நடிப்பு இல்லை. இது முழுவதும் திருப்தி தருகிறதா என்று கேட்டால், மற்றவர்களின் பதிலிலும் ஒரு இடத்தில் "இது இரகசியம்" என்றுதான் வந்து நிற்கிறார்கள் என்பேன்.

பாளை ஆசிரியர்

தம்பி, அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. "உலகம் உண்டாகிறதற்கு முன்னே" பிதாவிடத்தில் தமக்கு இருந்த மகிமையைப் பற்றி யோவான் 17-ல் இயேசு பேசுகிறார். மாம்சத்தில் வருமுன்னே ஒருவர் மற்றவரோடு இருந்தார் என்றால், அந்த அன்பு கடவுளுக்குள்ளேயே இருக்கிற அன்பு. அதை இழக்க எனக்கு மனமில்லை. இந்த இடத்தில் நாம் உடன்படப் போவதில்லை, அது இருக்கட்டும்.

மகள் கேட்டதற்கு வருகிறேன். நிசேயாவோடு சண்டை முடியவில்லை. அத்தனாசியு ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார். கான்ஸ்டன்டைனுக்கே 337-ல் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியஸுக்குப் பரிந்து நின்ற நிக்கோமேதியா ஆயர் யூசேபியு. 359-ல் ரிமினியிலும் செலூக்கியாவிலும் பேரரசன் நெருக்கி மழுப்பலான ஓர் அறிக்கையில் கையெழுத்து வாங்கினான். உலகமே தான் ஆரியஸ் பக்கம் ஆகிவிட்டதைக் கண்டு முனகித் திகைத்தது என்று வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதியது அதைத்தான். ஆக, அரசன் ஓட்டுப்போட்டுக் கொடுத்த உபதேசம் என்று சொல்கிறவர்கள் 325 நிசேயாவிலிருந்து 381 கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் வரையான இந்த ஐம்பத்தாறு வருஷத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அரசர்கள் பாதி நாள் எதிர்ப் பக்கம் நின்றார்கள்.

அந்த நெருக்கடியில் அத்தனாசியு செய்ததை நம் ஆயர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். நிசேயா சொன்ன மற்றதெல்லாம் சரி, குமாரன் பிதாவோடு 'ஒரே தன்மையுடையவர்' என்ற சொல் மட்டும் உறுத்துகிறது என்று ஒரு கூட்டம் இருந்தது. அவர்களை எதிரிகளாக நடத்தக்கூடாது, நாம் நினைப்பதையே நினைத்துச் சொல்லில் மட்டும் தயங்குகிற சகோதரர்கள் என்று அவர் எழுதினார். 362-ல் அலெக்சாந்திரியாவில் கூடியபோது, ஒருவர் கடவுளில் மூன்று என்கிறார், மற்றவர் ஒன்று என்கிறார், இரண்டுக்கும் ஒரே கிரேக்கச் சொல். கத்திக்கொண்டிருந்தவர்களை உட்காரவைத்து, நீங்கள் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று தனித்தனியே கேட்டார்கள். இருவரும் ஒன்றையே நம்புகிறார்கள் என்று தெரிந்தது, சேர்த்துக்கொண்டார்கள். ஆயுள் முழுக்க இந்த உபதேசத்துக்காக அடிபட்டவர் இப்படி நடந்துகொண்டார்.

அதே நூற்றாண்டில் செசரியா ஆயராக இருந்த பேசில் இன்னும் ஒரு படி போனார். பரிசுத்த ஆவியானவரைப் பற்றி முழுப் புத்தகம் எழுதினார், அதில் 'ஆவியானவர் தேவன்' என்று நேராகச் சொல்வதைத் தவிர்த்தார். அவரைச் சிருஷ்டி என்று சொல்லாமல் இருந்தால் போதும், நிசேயா அறிக்கையை ஏற்றால் போதும், வருகிறவர்களை இணைத்துக்கொள்ளுங்கள் என்று தர்சு பட்டணத்து மூப்பர்களுக்கு எழுதினார்.

உன் கேள்விக்கு நேர்ப் பதில் 381 சங்கத்தின் பெயரில் வழங்கும் ஏழாவது விதியில் இருக்கிறது. திரும்பி வருகிற ஆரியஸ் பக்கத்தாருக்கு மறுபடி ஞானஸ்நானம் வேண்டாம், பழைய உபதேசத்தை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு, தைலம் பூசி ஏற்றுக்கொள்ளலாம். அதே விதியில் சபெல்லியஸைப் பின்பற்றியவர்களுக்கு, அதாவது பிதாவும் குமாரனும் ஒருவரே என்றவர்களுக்கு, புதிதாக ஞானஸ்நானம் வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் ஆயர் பக்கம் பேச இது உதவும், மறைக்கவில்லை. ஆனால் 866-ல் போப் முதலாம் நிக்கோலாஸ், பல்கேரியருக்கு எழுதிய பதிலில், திரித்துவத்தின் பெயரிலோ அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ளதுபோல் கிறிஸ்துவின் பெயரிலோ கொடுத்திருந்தால் மறுபடி வேண்டாம் என்றார். பின்னால் மேற்கத்திய சபை அந்த வழியில் போகவில்லை. ஆனாலும் ஒரு போப் சொன்னது.

வழக்கறிஞர் தோழி

இடையில் ஒரு தகவல். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்பதற்கான வரையறை, கிறிஸ்தவ மதத்தைக் கைக்கொள்வதாகச் சொல்கிறவர் என்பதுதான். எந்த உபதேசத்தையும் அது கேட்கவில்லை. ஆலயத்தில் முடியாவிட்டாலும் அந்தச் சட்டத்தின்படி திருமணப் பதிவாளர் முன்னிலையில் முடிக்கலாம். கல்யாணம் நின்றுவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

வேர் தேடி

சட்டம் அகலமாக இருக்கிறது, சபை ஒடுக்கமாக இருக்கிறது.

பாளை ஆசிரியர்

இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லையே. சட்டம் ஒருவர் தன்னை என்னவென்று சொல்கிறாரோ அதை எழுதிக்கொள்கிறது. சபை ஒன்றாகக் கூடி யாரைத் தொழுகிறோம் என்று அறிக்கையிட வேண்டியிருக்கிறது. உலகச் சபைகள் மன்றம் 1948-ல் தொடங்கியபோது 'இயேசு கிறிஸ்துவைக் கடவுளும் இரட்சகருமாக ஏற்கும் சபைகள்' என்பதோடு நிறுத்தினார்கள். 1961-ல் புதுதில்லியில் கூடியபோது 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய ஒரே தேவன்' என்பதையும் சேர்த்தார்கள். அவர்களும் சேர்ந்து நிற்க ஓர் அடித்தளம் தேவை என்று கண்டார்கள்.

நாசி முகாம்களில் ஊதா முக்கோணச் சின்னம் உடையில் தைக்கப்பட்டு உயிர்விட்ட யெகோவாவின் சாட்சிகளை நான் நினைப்பதுண்டு. ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மறுத்தார்கள். திரித்துவ அறிக்கையைச் சரியாகச் சொன்ன சபையார் பலர் கையை உயர்த்தினார்கள். சாட்சிகளின் உபதேசம் தவறு என்றே இன்றும் சொல்வேன். அவர்களை என் வாயால் 'கிறிஸ்தவர் இல்லை' என்று சொல்லமாட்டேன். அந்தத் தீர்ப்பு என் கையில் இல்லை.

ஆயரிடம் போய் இப்படிக் கேள்: சபை அறிக்கையை மாற்றச் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு, அவர் யாரைத் தொழுகிறார், எப்படி ஜெபிக்கிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள், அதற்குப் பிறகு பேராயருக்கு எழுதுங்கள் என்று.

நாஞ்சில் மகள்

கேட்டேன் சார். ஆயர் வருகிற வாரம் பையனைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பேராயருக்கு எழுதவும் சம்மதம். மறு ஞானஸ்நானம் என்றால் பையன் சம்மதிப்பாரா என்று தெரியவில்லை, அவர் வீட்டில் அது பெரிய விஷயம்.

ஒரே நாமம் பிரதர், இத்தனையும் எங்கள் பக்கத்துக் கதவைப் பற்றியே பேசினோம். என் தங்கைக்குக் குழந்தையாக இருக்கும்போதே மூன்று நாமத்தில் ஞானஸ்நானம் ஆயிற்று, பதினாலு வயதில் திடப்படுத்தலும் எடுத்தாள். உங்கள் சபை அவளை ஏற்குமா?

ஒரே நாமம்

உள்ளதைச் சொல்கிறேன் சகோதரி. ஏற்கமாட்டார்கள். எபேசுவில் யோவானின் ஸ்நானம் பெற்றிருந்தவர்களுக்குப் பவுல் மறுபடி கொடுத்ததைக் காட்டி, தண்ணீருக்குள் இறங்கச் சொல்வார்கள். அதுவரை உங்கள் தங்கைக்கு அப்பமும் ரசமும் கிடைக்காது. இதில் எனக்கு என் பாஸ்டரோடு கருத்து வேறுபாடு உண்டு, அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே பையனின் பாஸ்டரை நேரில் பார்த்து இதைக் கேட்டுவிடுங்கள். பிறக்கிற பிள்ளைக்கு எந்தச் சபையில், எந்த வயதில் ஞானஸ்நானம் என்பதையும் பையனும் தங்கையும் இப்போதே உட்கார்ந்து பேசட்டும். வேண்டுமானால் எனக்குத் தனிமடல் போடுங்கள், அந்தப் பக்கம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்கிறேன்.